விசா கிடைத்த பிறகும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் "ஜெர்மனியில் நர்ஸ் வேலை", "ஜப்பானில் டெக்னீஷியன் வேலை" என்ற சுவரொட்டிகள் கண்ணில் படுகின்றன. இதில் எல்லாமே பொய் இல்லை. இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு வழங்கும் விசாக்களை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் இங்கிருந்து 50,000 திறன் பணியாளர்களை வரவேற்பது என்று ஜப்பான் 2025 ஆகஸ்டில் இந்தியாவோடு இலக்கு வைத்தது. பாலக்கோடு, அரூர், பர்கூர், ஊத்தங்கரை பக்கத்துப் பிள்ளைகள் ஐடிஐ, டிப்ளமோ, நர்சிங் முடித்துவிட்டு மொழி வகுப்புகளில் சேர்வது நல்ல விஷயமே.

எங்கள் கவலை அதற்கு அடுத்த கட்டம் பற்றியது. வகுப்புகளில் ஜெர்மன் பி1, பி2 தேர்வுக்கும் ஜப்பானிய என்4 தேர்வுக்கும் தயார் செய்கிறார்கள். விசா நேர்காணலுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அங்கே போய் முதல் நாள் ஷிப்டில் எப்படி நிற்பது, எப்போது வாயைத் திறப்பது, தப்பு நடந்தால் யாரிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஜெர்மனியில் புதியவருக்குத் தகுதிகாண் காலம் அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் இரண்டு வாரம் நோட்டீஸ் கொடுத்து, காரணமே சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கலாம். அந்த ஆறு மாதத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவது வேலை தெரியாததால் அல்ல. சிப்காட் தொழிற்பேட்டையில் மூன்று வருடம் சிஎன்சி (கணினியால் இயங்கும் மெஷின்) ஓட்டியவருக்கு அங்குள்ள மெஷின் புதிதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்த ஓசூர் ஷாப் ஃப்ளோரில் பழகியவருக்கு இன்னொரு மொழியும் பெரிய மலை இல்லை. தடுமாற வைப்பது நம்மிடம் ஊறிப்போன ஒரு பழக்கம். பெரியவர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, புரியாததை ஓரமாகப் போய் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வது. இங்கே இது மரியாதை. ஜெர்மனியில் இது பொறுப்பின்மை. ஜப்பானில் ஆபத்து.

அந்தத் தலையாட்டலிலிருந்தே தொடங்கலாம். நாம் "சரி" என்பதற்குத் தலையை இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றிச் சாய்க்கிறோம். ஜெர்மானியர் கண்ணுக்கு அது "இல்லை" என்றோ "அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம்" என்றோதான் தெரியும். சூப்பர்வைசர் ஒரு வேலையைச் சொல்லி முடித்ததும் நாம் தலையை ஆட்டினால் அவர் குழம்பி மறுபடியும் கேட்பார். நாம் மறுபடியும் ஆட்டுவோம். இதற்கு மருந்து எளிது. தலையை அசைக்காமல், முகத்தைப் பார்த்து, கேட்டதைச் சொந்த வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆர்டர் 40 பீஸ், முதல் பீஸை அளந்து உங்களிடம் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் மீதியை ஓட்ட வேண்டும், சரியா?" என்கிற அளவு போதும். புரியவில்லை என்றால் "நோஹ் ஐன்மால், பிட்டெ", அதாவது இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்பது அவமானம் இல்லை. மூன்றாவது முறை கேட்டாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள். கேட்காமல் 40 பீஸையும் தப்பாக ஓட்டினால் கட்டாயம் கோபப்படுவார்கள்.

மொழி வகுப்பில் மதிப்பெண் வாங்கியவர்களும் வேலையிடத்தில் வழுக்கி விழும் மூன்று இடங்கள் உண்டு. முதலாவது நேரம். ஜெர்மனில் "ஹால்ப் ஆஹ்ட்" என்றால் சொல்லுக்குச் சொல் "பாதி எட்டு". நம் காதுக்கு அது எட்டரை போல ஒலிக்கும். உண்மையில் அது ஏழரை. எட்டை நோக்கிப் பாதி தூரம் என்று கணக்கு. இதைத் தப்பாகக் கேட்டவர் முதல் வாரமே ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பார். இரண்டாவது எண்கள். நாம் இருபத்து நான்கு என்று பத்தை முதலில் சொல்கிறோம், அவர்கள் "நான்கும் இருபதும்" என்று ஒன்றை முதலில் சொல்கிறார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 24 என்பது 42 ஆகிவிடும். வார்டில் படுக்கை எண், தொழிற்சாலையில் பெட்டி எண், தொலைபேசியில் சொல்லும் அளவு, எல்லாவற்றிலும் இந்தக் குழி இருக்கிறது. இலக்கமாக எழுதிக் காட்டி "இதுதானே?" என்று கேட்டுவிடுவது ஒன்றே வழி. மூன்றாவது கமா. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள், ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். வரைபடத்தில் 12,500 என்றிருந்தால் அது பன்னிரண்டரை மில்லிமீட்டர். 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. மருந்துச் சீட்டில் 2,5 மில்லிகிராம் என்பதில் கமாவைக் கவனிக்காமல் விட்டால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும்.

ஜப்பான் போகிற டர்னர், ஃபிட்டர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று. நம் ஐடிஐ-யில் வரைபடம் படிக்கக் கற்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில். ஜெர்மனியிலும் அதே. ஜப்பானிய வரைபடங்கள் தேர்ட் ஆங்கிள் முறையில் இருக்கும். மேலிருந்து பார்க்கும் தோற்றம் நமக்குக் கீழே இருக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும். இடது பக்கத் தோற்றமும் வலது பக்கத் தோற்றமும் இடம் மாறிவிடும். பழைய கண்ணோடு படித்தால் துளை எதிர்ப்பக்கத்தில் விழும். வரைபடத்தின் கீழ்மூலைப் பெட்டியில் வெட்டிய கூம்பின் சின்னம் ஒன்று இருக்கும். வேலையைத் தொடுவதற்கு முன் அந்தச் சின்னத்தைப் பார்ப்பதை அனிச்சைப் பழக்கமாக்க வேண்டும். இங்கேயே தினம் இரண்டு தேர்ட் ஆங்கிள் வரைபடங்கள் வீதம் ஒரு மாதம் படித்தால் கண் பழகிவிடும். தேதியும் அப்படித்தான். அங்கே ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவார்கள். சில படிவங்களில் பேரரசர் சகாப்த ஆண்டையே கேட்பார்கள். 2019 ரெய்வா 1, ஆகவே 2026 ரெய்வா 8.

தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். நம்மூர்ப் பட்டறைகள் பலவற்றில் பீஸ் ரிஜெக்ட் ஆனால் திட்டு விழும், சில இடங்களில் கூலியில் பிடிப்பார்கள். அதனால் ஒன்றிரண்டு ரிஜெக்ட்டை ஸ்கிராப் பெட்டியின் அடியில் தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு போகக் கூடாது. ஜெர்மனியில் அளவு பிசகிய பீஸ் ஒரு செலவு, அவ்வளவுதான். மறைத்த பீஸ் நம்பிக்கைத் துரோகம். முறை இதுதான்: முதலில் மெஷினை நிறுத்த வேண்டும். சந்தேகப்படுகிற பீஸ்களைத் தனியாக வைத்து, மற்றவற்றோடு கலக்காதபடி சிவப்பு அட்டை போட வேண்டும். உடனே ஷிப்ட் பொறுப்பாளரிடம் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எந்த நேரத்திலிருந்து, எத்தனை பீஸ், நான் இதுவரை என்ன செய்தேன். ஏன் நடந்தது என்ற விளக்கத்தை அவர்கள் கேட்கும்போது சொன்னால் போதும். "சார், நான் இல்லை சார், ராத்திரி ஷிப்டு ஆள்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும்.

ஜப்பானில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, ஹோரென்சோ. ஹோகோகு என்றால் அறிக்கை தருவது, ரென்ராகு என்றால் தகவல் சொல்வது, சோதான் என்றால் ஆலோசனை கேட்பது. மூன்றின் முதல் எழுத்துகளும் சேர்ந்தது. கீரைக்கும் ஜப்பானிய மொழியில் ஹோரென்சோ என்றுதான் பெயர், அதனால் எளிதில் மனதில் நிற்கும். கெட்ட செய்தியை முதலில் சொல்வது, முடிவை முதலில் சொல்லிக் காரணத்தைப் பிறகு சொல்வது, வேலை பாதியில் இருக்கும்போதே எங்கே நிற்கிறது என்று சொல்வது எல்லாம் இதில் அடங்கும். முடிந்த பிறகு மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பவரை அங்கே நம்ப மாட்டார்கள். விபத்து நடக்காமல் மயிரிழையில் தப்பியதைக்கூட ஹியாரி ஹாத்தோ என்று தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவரைத் திட்டுவதில்லை. அது அடுத்தவரின் விரலைக் காப்பாற்றும் தாள்.

இன்னொரு சிக்கல் "ஹாய்" என்ற சொல். அகராதியில் அதற்கு "ஆம்" என்று பொருள். ஜப்பானியர் பேச்சுக்கிடையே சொல்லும் ஹாய், "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான், "ஒப்புக்கொள்கிறேன்" என்பதில்லை. அதேபோல நாம் ஒன்று கேட்டு அவர் "சொத்தோ..." என்று இழுத்தால் அது "கொஞ்சம்" இல்லை, "முடியாது" என்பதுதான். வேலை முடிந்து நமக்கு முன்னால் யாரும் கிளம்பவில்லை என்றால் "ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாஸ்", அதாவது உங்களுக்கு முன்னால் கிளம்புவதற்கு மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வேலையிடத்தை ஒழுங்காக அடுக்கிச் சுத்தமாக வைக்கும் ஃபைவ் எஸ் முறை பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பலகை மனப்பாடம். ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் அடுக்கிவைத்துப் பழகியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அங்கே ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஸ்பேனர் அதன் நிழல் வரைந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நர்சிங் படித்த பிள்ளைகளுக்கு விழும் அடி வேறு மாதிரி. நம் மருத்துவமனைகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர் வேலை, அல்லது ஆயா வேலை. ஜெர்மனியில் நோயாளியோடு யாரும் தங்குவதில்லை. அந்த வேலை முழுக்க நர்ஸின் கையில். ஐவி ஊசி ஏற்றுவது பெரும்பாலும் டாக்டர் செய்வது. பி.எஸ்சி. முடித்து, இங்கே ஐசியூ பார்த்த பெண்ணுக்கு "நான்கு வருடம் படித்தது முதுகைத் துடைக்கவா?" என்று மனம் உடைகிறது. முகம் சுளித்தால் சக நர்ஸ்கள் ஒதுக்குகிறார்கள். இதை விமானம் ஏறும்முன் வெளிப்படையாகச் சொல்லாத பயிற்சி மையம் தன் மாணவிக்குத் துரோகம் செய்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அந்தக் காலைக் குளியல் என்பது என்னவென்று கிட்டப்போய்ப் பார்த்தால் அது சின்ன வேலை இல்லை என்று புரியும். முதலில் கதவைத் தட்ட வேண்டும், பதில் வந்த பிறகே உள்ளே போக வேண்டும். பெயர் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ஜன்னலைச் சாத்தி, கட்டிலைத் தன் இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றாமல் குனிந்தே செய்தால் ஒரு வருடத்தில் முதுகு போய்விடும். தண்ணீரின் சூட்டை நோயாளியிடமே கேட்க வேண்டும். முகம் முதலில், சோப்பு இல்லாமல். பிறகு கை, மார்பு, முதுகு, கால். துடைக்கும் இடம் மட்டும் திறந்திருக்க, மற்ற உடம்பு துண்டால் மூடியே இருக்க வேண்டும். மறைவிடம் கடைசியில், தண்ணீரை மாற்றி, புதுக் கையுறை போட்டு, முன்னிருந்து பின்னாக. இதற்கிடையில் நர்ஸின் கண் வேறு வேலை பார்க்கிறது. குதிகாலும் பிட்டத்துக்கு மேல் எலும்பும் சிவந்திருக்கிறதா? சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்தால் பயமில்லை. அழுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. மூச்சு வாங்குகிறதா, ஒரு கையைத் தூக்க நேற்றைவிடச் சிரமப்படுகிறாரா, இதையெல்லாம் பார்த்து எழுதுவது படித்த நர்ஸால் மட்டுமே முடியும். எழுதாமல் விட்ட வேலை அங்கே செய்யாத வேலைதான். ஆண் நோயாளிகளையும் இதேபோல் பார்க்க வேண்டியிருக்கும், அதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

வயதானவரை நாம் பாட்டி, தாத்தா என்றால் பாசம். அங்கே ஒரு மூதாட்டியை "ஓமா" (பாட்டி) என்று கூப்பிட்டால் அவரைக் குழந்தையாக்கி அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்கள். "ஃப்ரௌ" (திருமதி) அல்லது "ஹெர்" (திரு) போட்டுக் குடும்பப் பெயரோடுதான் கூப்பிட வேண்டும். டாக்டரையோ மேலதிகாரியையோ சார், மேடம் என்று வெறுமனே அழைக்கும் வழக்கமும் அங்கே இல்லை, அங்கும் பெயர்தான்.

பெயர் என்றதும் நமக்கே உரிய ஒரு தொல்லை வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தால், அங்கே எல்லோரும் பிள்ளையை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் இருக்கும். முதல் நாளே அலுவலகத்தில் எது அப்பா பெயர், எது தன் பெயர், எப்படி அழைத்தால் விருப்பம் என்று சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவு, மொழிச் சான்று, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எழுத்து ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து எழுதியது என்றிருந்தால் நம் படிப்புக்கு அங்கே தர வேண்டிய தகுதி அங்கீகாரம் மாதக்கணக்கில் இழுக்கும். அங்கீகாரம் வரும்வரை நர்ஸ் என்ற பெயரில் வேலை செய்ய முடியாது. உதவியாளர் சம்பளம்தான்.

நேரம், ஓய்வு பற்றிய சட்டங்களை நம் பிள்ளைகள் தங்கள் நல்ல குணத்தாலேயே மீறுகிறார்கள். கூடுதலாக உழைத்தால் முதலாளி மனம் குளிரும் என்பது இங்கே உண்மையாக இருக்கலாம். ஜெர்மனியில் ஒரு நாள் வேலை 8 மணி நேரம். சில நாள் 10 மணி நேரம் வரை போகலாம், ஆனால் 6 மாதச் சராசரி 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிடமும், 9 மணி நேரத்துக்கு மேல் என்றால் 45 நிமிடமும் இடைவேளை கட்டாயம். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரம் இடைவெளி வேண்டும். மருத்துவமனை போன்ற இடங்களில் மட்டும், வேறொரு நாளில் ஈடுசெய்து கொடுத்தால், ஒரு மணி நேரம் குறைக்கலாம். இரவு 9 மணிக்கு முடித்துக் காலை 6 மணிக்கு வருகிறேன் என்று ஒருவர் ஆசையாக ஒப்புக்கொண்டால், இடைவெளி 9 மணி நேரம்தான். சிக்கல் வந்தால் மாட்டுவது பொறுப்பாளர். சொல்லாமல் தங்கிச் செய்த ஓவர்டைமுக்குப் பணமும் கிடைக்காமல் போகலாம். 6 மணி ஷிப்ட் என்றால் 6 மணிக்குக் கேட்டில் நுழைவதில்லை, உடை மாற்றி, ஷூ போட்டு, 6 மணிக்குத் தன் இடத்தில் நிற்பது. ஜப்பானில் அதற்கும் பத்து நிமிடம் முன்னால்.

பாதுகாப்பில் சில விஷயங்கள். ட்ரில்லிங், லேத் போன்ற சுழலும் மெஷினில் கையுறை போடக் கூடாது. நூல் மாட்டினால் கை உள்ளே போய்விடும். வெட்டும்போது வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால் எடுக்க வேண்டும். சின்ன வெட்டுக் காயமானாலும் முதலுதவிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு சீழ் பிடித்தால் வேலையில் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விழுந்து அடிபட்டாலும் அங்குள்ள விபத்துக் காப்பீட்டில் வரும், அதையும் சொல்ல வேண்டும்.

உடம்பு சரியில்லை என்றால் நம்மூரில் இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது பெருமை. அங்கே வார்டுக்குக் காய்ச்சலோடு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். ஷிப்ட் தொடங்கும் முன் தொலைபேசியில் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது போதாது. "இஹ் பின் ஹொய்டெ க்ராங்க்", இன்று எனக்கு உடம்பு சரியில்லை, எத்தனை நாள் ஆகலாம் என்று சொன்னால் போதும், என்ன நோய் என்று சொல்லக் கடமை இல்லை. மூன்று நாளுக்கு மேல் போனால் டாக்டர் சான்று வேண்டும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். வெள்ளியன்று படுத்தவர் திங்களும் வரவில்லை என்றால் திங்களன்றே சான்று வேண்டும். சில ஒப்பந்தங்களில் முதல் நாளே கேட்பார்கள், படித்துப் பார்க்க வேண்டும். அரசுக் காப்பீட்டில் இருப்பவருக்கு 2023 ஜனவரி முதல் சான்று மின்வழியாகப் போகிறது. ஆனாலும் டாக்டரிடம் போக வேண்டியதும் தகவல் சொல்ல வேண்டியதும் நம் வேலைதான். நான்கு வாரம் வேலை பார்த்த பிறகு, நோயில் இருக்கும்போது 6 வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு.

இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் பலர் வேலையைக் கெடுக்கும் இடம். வாரம் 5 நாள் வேலைக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு, பல இடங்களில் கூடுதலாகவும் தருவார்கள். ஆனால் அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியல் போட்டுவிடுவார்கள். பொங்கலுக்கோ ஊர் மாரியம்மன் பண்டிகைக்கோ வர நினைப்பவர் முந்தின ஆண்டு இலையுதிர் காலத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்தாகி வரும்வரை விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு அடுத்த வாரம் வா என்று இங்கிருந்து கூப்பிடுவதும், விடுப்பு மறுக்கப்பட்டதும் "உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்" என்று பிள்ளை வாய்விடுவதும் உடனடி வேலைநீக்கத்துக்கே காரணம் ஆகலாம்.

திட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மானியர் "இது தப்பு" என்று சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூடச் சேர்ந்து காபி குடிப்பார். தப்பு வேலையில், ஆளில் இல்லை. இரவெல்லாம் அழுதுகொண்டு, மறுநாள் முகம் கொடுக்காமல் இருந்தால் அதைத்தான் அவர் தவறாக எடுத்துக்கொள்வார். மூன்றாவது மாதம் முடியும்போது நாமே போய் "என் வேலை எப்படி இருக்கிறது, எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்பது நல்லது. ஆறாவது மாதக் கடைசியில் அதிர்ச்சி வராது.

வேலையிடத்தில் இரண்டு தமிழர் இருந்தால் மற்றவர் முன்னால் தமிழில் பேசிக்கொள்ளக் கூடாது, அவர்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைப்பார்கள். இடைவேளையில் தாராளமாகப் பேசலாம். இன்னொன்று, வெளிநாட்டில் ஒரு தமிழரைப் பார்த்ததும் ஊர் கேட்டு, தெருக் கேட்டு, சுற்றி வளைத்து "நீங்க என்ன ஆளுங்க?" என்பதில் போய் நிற்கிற பழக்கத்தைத் தயவுசெய்து இங்கேயே விட்டுவிடுங்கள். புது நாட்டில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டியவர்களை அது முதல் நாளே பிரித்துவிடுகிறது.

தாளில் கையெழுத்துப் போடுவதில் அவசரம் வேண்டாம். ஜெர்மனியில் வேலைநீக்கம் தாளில், மையால் கையெழுத்திட்டுத் தரப்பட்டால்தான் செல்லும், வாட்ஸ்அப் செய்தி செல்லாது. எதிர்த்து வழக்குப் போட 3 வாரம்தான் அவகாசம். "இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பிரிகிறோம்" என்று ஒரு தாளை நீட்டினால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாமல், வீட்டுக்கு எடுத்துப்போய் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு இலவசமாகத் தொழிலாளர் சட்ட ஆலோசனை தரும் "ஃபேர் இன்டெக்ரேஷன்" மையங்கள் அங்கே உண்டு. நிறுவனத்தில் தொழிலாளர் மன்றம் இருந்தால் அதையும் அணுகலாம். ஜப்பானில் தொழிற்பயிற்சி விசாவில் போனவரின் பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

வளைகுடா போகிறவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் குறைவில்லை, அவர்களுக்கான பாடம் தனி. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் ஏஜென்ட் மூலம் போவதென்றால் அவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட்டாக இருக்க வேண்டும், கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வெளிவேலை செய்ய வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இது தெரியாமல் கடமை உணர்ச்சியில் வெயிலில் நிற்பது உயிருக்கே ஆபத்து.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. அரசு ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நர்சிங் கல்லூரிகளிலும் "நான் முதல்வன்" திட்டத்தின் கீழோ, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் வழியாகவோ, வெளிநாடு போகவிருக்கும் மாணவர்களுக்கு 20 மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதில் சொற்பொழிவு 5 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீதி 15 மணி நேரமும் நடித்துப் பழகுவதாக இருக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் சொல்வது, ரிஜெக்ட் பீஸைக் கொண்டுபோய்க் காட்டுவது, ஷிப்ட் மாற்றும்போது ஐந்து நிமிடத்தில் எட்டு நோயாளிகளைப் பற்றி ஒப்படைப்பது, "என்னால் முடியாது, காரணம் இது" என்று சொல்வது. அங்கே ஐந்து வருடம் இருந்து திரும்பியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் வேடத்தில் அவர்களை உட்கார வைக்கலாம். தனியார் மொழி மையங்களும் கட்டணம் வாங்கும்போதே இந்த 20 மணியைப் பாடத்திட்டத்தில் எழுதித் தர வேண்டும். பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெற்றோருக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஜெர்மனியில் மாதம் 3,000 யூரோ சம்பளம் என்றால் தனி ஆளுக்கு வரியும் மருத்துவம், ஓய்வூதியம் முதலிய காப்பீடுகளும் போகக் கையில் வருவது 2,100 யூரோவை ஒட்டி. வாடகை அதிலிருந்துதான். 3,000-ஐ ரூபாயாக்கிக் கணக்குப் போட்டு இங்கே கடன் வாங்காதீர்கள். அடுத்தது தொலைபேசி. ஷிப்டில் இருக்கும்போது போன் லாக்கரில் இருக்கும், எடுக்கவில்லை என்று பதறிப் பத்து முறை அழைக்க வேண்டாம். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும். பிள்ளைக்குக் காலை ஷிப்ட் என்றால் நம் நேரம் இரவு 7-க்கு மேல் கூப்பிடுங்கள், மதிய ஷிப்ட் என்றால் நண்பகலிலிருந்து மாலை 4-க்குள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். பகல் ஷிப்ட் முடிந்து பேச ஏற்ற நேரம் நமக்குப் பிற்பகல் 3 முதல் 6 வரை. இரவுச் சாப்பாடு முடித்து 9 மணிக்கு இங்கிருந்து அழைத்தால், அங்கே நள்ளிரவு 12.30.

இப்படிக்கு,
வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்குப் பயிற்சி தரும் தொழிற்பயிற்சி, செவிலியர், மொழி ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி மற்றும் தருமபுரி மாவட்டங்கள்